பிரசவ வார்டு வரை வந்த கல்யாண வழக்கு: ஊடுபால் குழந்தைகள், திருநர் உடல்நலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019இல் ஒரு கல்யாணப் பதிவு வழக்கு. 2021இல், வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. இரண்டிலுமே மனுதாரர்கள் ஆஸ்பத்திரியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஊடுபால் குழந்தையின் உடம்பில் கத்தி வைக்கலாமா, ஒரு திருநரை 'சரிபண்ணித் தருகிறேன்' என்று டாக்டர் சொல்லலாமா என்ற கேள்விகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் பதில் சொன்னது இந்த இரண்டு வழக்குகளில்தான். தீர்ப்பு வந்த செய்தி பலருக்கும் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்பது தேவைப்படுகிறவர்களிடம் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஊடுபால் என்றால் என்ன? திருநங்கை என்பதும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஊடுபால் என்பது பிறக்கும்போதே உடம்பில் இருக்கிற விஷயம். குரோமோசோம், ஹார்மோன், உள்ளுறுப்பு, வெளியுறுப்பு இவற்றில் ஏதோ ஒன்று, ஆண் உடம்பு இப்படி, பெண் உடம்பு இப்படி என்று நாம் வைத்திருக்கும் அச்சில் அடங்காமல் இருக்கும். சில குழந்தைகளுக்குப் பிறந்த நிமிடமே தெரிந்துவிடும். சிலருக்கு, 'இன்னும் வயசுக்கு வரலையே' என்று பதினாறு வயதில் ஸ்கேன் எடுக்கும்போது தெரியும். கல்யாணமாகி, குழந்தை இல்லை என்று டாக்டரிடம் போனபிறகு தெரிந்துகொண்டவர்களும் உண்டு. எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து, மக்கள்தொகையில் 0.05 முதல் 1.7 சதவீதம் பேர் இப்படிப் பிறப்பதாக ஐ.நா. சொல்கிறது.

திருநங்கை, திருநம்பி என்பது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதைப் பற்றியது. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இருவரையும் சேர்த்துக் குறிக்கும் சொல் திருநர். ஊடுபாலினராகப் பிறந்தவர் வளர்ந்து தன்னைத் திருநராக உணரலாம், உணராமலும் போகலாம். 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டம், திருநர் என்ற வரையறைக்குள்ளேயே ஊடுபாலினரையும் சேர்த்துவிட்டது. அதனால்தான் இந்தக் குழப்பம் அரசு அலுவலகங்கள் வரை இருக்கிறது.

அந்தக் கல்யாண வழக்கு என்ன?

தூத்துக்குடியில் 2018 அக்டோபரில் ஒரு ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் கோயிலில் கல்யாணம் நடந்தது. பதிவு செய்யப் போனபோது பதிவாளர் மறுத்துவிட்டார். மேல்முறையீட்டிலும் அதே பதில்தான். இந்து திருமணச் சட்டத்தின் 5ஆவது பிரிவு 'மணமகன்', 'மணமகள்' என்று சொல்கிறது, திருநங்கை எப்படி மணமகள் ஆவார் என்பதுதான் சிக்கல். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் பதிவு செய்யச் சொல்லித் தீர்ப்பளித்தார். 'மணமகள்' என்ற சொல்லுக்கு என்றைக்கும் ஒரே பொருள்தான் என்று பிடிவாதம் பிடிக்க முடியாது, தன்னைப் பெண்ணாக அடையாளப்படுத்தும் திருநங்கையும் ஊடுபாலினரும் அந்தச் சொல்லுக்குள் வருவார்கள் என்றார்.

இதற்கு அடித்தளம் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணைய வழக்கில் தந்த தீர்ப்பு. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கு உண்டு, அதை ஏற்பதற்கு ஆபரேஷன் செய்துகொண்டு வா என்று யாரும் நிபந்தனை போடக் கூடாது என்று சொன்ன தீர்ப்பு அது. திருநங்கை ஒருவரும் ஓர் ஆணும் நடப்புச் சட்டங்களின்படியே திருமணம் செய்துகொள்ளலாம் என்பதை 2023 அக்டோபரில் தன்பால் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அந்த வழக்கில் மற்ற மனுதாரர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பது வேறு கதை.

சரி, கல்யாணப் பதிவு வழக்கில் குழந்தைக்கு என்ன வேலை?

மணமகள் என்ற சொல்லுக்குள் ஊடுபாலினரையும் கொண்டுவந்த நீதிபதி அதோடு நிற்கவில்லை. ஊடுபாலினராகப் பிறக்கும் ஒரு குழந்தைக்கு, தான் யார் என்று சொல்லும் வாய்ப்பு எப்போது கிடைக்கும்? பேச்சு வருவதற்கு முன்பே ஆபரேஷன் செய்து 'பெண்' என்றோ 'ஆண்' என்றோ முடித்துவிட்டால், 2014 தீர்ப்பு கொடுத்த உரிமையை அந்தக் குழந்தை எங்கே போய்ப் பயன்படுத்தும்? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாக எழுப்பிவந்தவர்களில் ஒருவர் மதுரையைச் சேர்ந்த ஊடுபால் உரிமைச் செயல்பாட்டாளர் கோபி ஷங்கர். அவருடைய பணியைத் தீர்ப்பே குறிப்பிடுகிறது.

ஊடுபால் சிசுக்களுக்கும் குழந்தைகளுக்கும் செய்யப்படும் பால் மாற்று அறுவையைத் தடுத்து அரசாணை வெளியிடுங்கள் என்று தமிழ்நாடு அரசுக்கு உத்தரவு போனது. அந்தக் குழந்தை தன் குடும்பத்துக்குள்ளேயே வளர வேண்டும், இப்படி ஒரு குழந்தை பிறந்ததை வெட்கமாக நினைக்காதபடி பெற்றோரிடம் அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்றும் தீர்ப்பில் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 13 அன்று அரசாணை வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு தடை கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடு. உலகில் முதலில் செய்தது மால்டா என்ற குட்டித் தீவு நாடு, 2015இல்.

பெற்றோர் நாங்கள் கையெழுத்துப் போட்டால் போதாதா? குழந்தைக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியாதா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பு நேரடியாகவே சொல்கிறது.

அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குப் பெற்றோர்தானே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேட்கலாம். அங்கே தள்ளிப்போட்டால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. இங்கே தள்ளிப்போட்டால் பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆகிறதெல்லாம் பெரியவர்களுக்குத்தான். தொட்டிலில் போடும் விழாவுக்கு வரும் அத்தை துணியை விலக்கிப் பார்ப்பாளோ, குளிப்பாட்ட வரும் பாட்டி ஊரெல்லாம் சொல்லிவிடுவாளோ என்ற பயம். பயம் நிஜம்தான், அதைக் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாகக் குழந்தையின் உடம்பை வெட்டுவதுதான் பிரச்சினை.

வெட்டினால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெளியுறுப்பைச் சிறிதாக்கும் அறுவையில் நரம்பு சேதமாகி உணர்ச்சி குறையலாம். தழும்பு சுருங்கி, மறுபடி மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். விந்தகத்தையோ சூலகத்தையோ எடுத்துவிட்டால் குழந்தை பெறும் வாய்ப்பு போய்விடும், எலும்பு பலவீனமாகாமல் இருக்க வாழ்நாள் முழுக்க ஹார்மோன் எடுக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் போக, 'பெண்' என்று முடிவுசெய்து வெட்டிய பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து 'நான் ஆண்' என்று சொன்னால் வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. சின்ன வயதிலேயே உறுப்பை மாற்றி, அதற்கேற்ப வளர்த்துவிட்டால் மனமும் பின்னாலேயே வந்துவிடும் என்ற நம்பிக்கை 1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்து பரவியது. அந்த நம்பிக்கை தவறு என்பதை அப்படி வளர்க்கப்பட்டவர்களே பின்னால் வந்து சொன்னார்கள்.

அப்படியானால் எந்த ஆபரேஷனும் செய்யவே கூடாதா?

உயிருக்கு ஆபத்து என்றால் செய்யலாம். சிறுநீர் வெளியேற வழியே இல்லாமல் ஒரு குழந்தை பிறந்தால் யாரும் அரசாணையைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போவதில்லை. ஆனால் 'உயிருக்கு ஆபத்து' என்பதை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரே தனியாக முடிவுசெய்துவிட முடியாது. மருத்துவக் கல்வி இயக்குநர் அமைக்கும் குழு பார்க்க வேண்டும். குழந்தைகள் அறுவை நிபுணர் அல்லது சிறுநீரக அறுவை நிபுணர், ஹார்மோன் நிபுணர், சமூகப் பணியாளர் அல்லது உளவியலாளர் அல்லது ஊடுபால் செயல்பாட்டாளர், அரசுப் பிரதிநிதி ஆகியோர் அதில் இருப்பார்கள்.

இன்னொன்று. அறுவைதான் தடை, சிகிச்சை தடை இல்லை. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் குழந்தையின் உயிரே போகலாம். ஊடுபாலாகப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்குப் பிறவி அட்ரினல் சுரப்புக் கோளாறு இருக்கும். அதில் ஒருவகையில் உடம்பில் உப்பு தங்காது. பிறந்து ஓரிரு வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, துவண்டு போகும். ரத்தத்தில் சோடியம் இறங்கி பொட்டாசியம் ஏறியிருக்கும். இதற்கு வேண்டியது கத்தி இல்லை, ஸ்டீராய்டு மருந்தும் உப்பும், அதுவும் உடனே. வெளியுறுப்பில் வித்தியாசம் தெரிகிற குழந்தைக்கு இந்தப் பரிசோதனையை முதலில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். 'ஆணா, பெண்ணா' என்ற கேள்வி ஒரு மாதம் காத்திருக்கும், பொட்டாசியம் காத்திருக்காது.

ஆபரேஷன் இல்லாமல் பையனாக வளர்ப்பதா, பெண்ணாக வளர்ப்பதா?

எப்படியும் வளர்க்கலாம், இரண்டுக்குமே கத்தி தேவையில்லை. குரோமோசோம், ஹார்மோன், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, இந்த வகையில் பிறந்தவர்கள் வளர்ந்தபிறகு பெரும்பாலும் தங்களை எப்படி உணர்கிறார்கள் என்பதை ஹார்மோன் நிபுணர் சொல்வார். அதை வைத்து ஒரு பெயரும் சட்டையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பெயரையும் சட்டையையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். குழந்தையிடம் மறைக்காதீர்கள், வயதுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொண்டே வாருங்கள். உடம்பில் செய்ததைவிட, வீட்டில் எல்லோரும் சேர்ந்து மறைத்ததுதான் அதிகம் வலித்தது என்று பேசும் ஊடுபாலினர் நிறையப் பேர்.

வேறு மாநிலத்தில் இருக்கிறோம். அங்கே?

தமிழ்நாட்டு அரசாணை தமிழ்நாட்டுக்குத்தான். டெல்லியில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் இதே மாதிரித் தடையைப் பரிந்துரைத்தது. அதன்மேல் முடிவெடுக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் அரசுக்கு 8 வாரம் கெடு கொடுத்தது. நாடு முழுவதற்கும் கேட்டு கோபி ஷங்கர் போட்ட மனுவில் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்த மாநிலமாக இருந்தாலும் மதுரைக் கிளைத் தீர்ப்பை டாக்டரிடம் எடுத்துக் காட்டுவதில் தவறில்லை. கட்டுப்படுத்தாவிட்டாலும் யோசிக்க வைக்கும்.

வளர்ந்த திருநங்கை, திருநம்பி செய்துகொள்ளும் ஆபரேஷனும் இதில் அடிபடுமா?

அடிபடாது. தடையின் ஆணிவேரே சம்மதம் இல்லை என்பதுதான். பதினெட்டு வயது ஆனவர் தானாக விரும்பிச் செய்துகொள்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2008இல் நாட்டிலேயே முதல் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை இலவசமாகவே நடக்கிறது.

இரண்டு பெண்களின் வழக்கு என்று சொன்னீர்களே?

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் விரும்பி, வீட்டில் எதிர்ப்பு வந்ததும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு வீட்டாரும் 'பெண்ணைக் காணோம்' என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தொந்தரவு செய்யாமல் இருக்க உத்தரவு கேட்டு அவர்கள் 2021இல் உயர் நீதிமன்றம் வந்தார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் போனது. அவர் செய்தது நம் நீதிமன்றங்களில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை: எனக்கே இந்த விஷயத்தில் முழுத் தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். திருநர் மருத்துவர் ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார்.

ஒருவரின் பாலீர்ப்பையோ (யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பது) பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை. அப்படிச் செய்யும் டாக்டர் மீது உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை. காணாமல் போனதாகப் புகார் வந்து, விசாரித்ததில் அவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருக்கும் மேஜர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். உத்தரவில் முக்கியமானவை இவை. நீதிபதி வழக்கை அதோடு முடித்துவிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துறையாகக் கூப்பிட்டு 'என்ன செய்தீர்கள்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னைக் கேட்டால், உத்தரவைவிட இந்தத் தொடர் கேள்விகள்தான் காரியத்தை நடத்தின. 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், இப்படி மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. திருநர், ஊடுபாலினர், தன்பால் ஈர்ப்பினர் ஆகியோரைக் குறிக்கும் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியல் அதே மாதம் அரசிதழில் வந்தது. அவர்களையும் அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும் போலீசார் தொந்தரவு செய்யக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளில் அந்த ஆண்டே புதிய விதி சேர்ந்தது.

ஒரு டாக்டர் 'ஆறு மாதத்தில் மாற்றிவிடலாம்' என்கிறார். என்ன செய்வது?

எழுந்து வந்துவிடுங்கள். பிறகு, அவர் சொன்னதும் எழுதியதும் இருக்கும் சீட்டு, ரசீது, மெசேஜ் எல்லாவற்றையும் வைத்து மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள்.

மனநல மருத்துவமனையில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. ஊர் வழக்கத்துக்கும் மத நம்பிக்கைக்கும் ஒத்துவரவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. மயக்க மருந்து தராமல் கரண்ட் ஷாக் வைப்பதையும் தடைசெய்கிறது. மனநல மறுஆய்வு வாரியத்திடம் போகலாம், பாதிக்கப்பட்டவர் சார்பில் வக்கீலும் போகலாம். உலக சுகாதார நிறுவனமே 2019இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில் பாலின முரண்பாட்டை (பிறந்தபோது எழுதப்பட்ட பாலினமும் உணரும் பாலினமும் ஒத்துப்போகாமல் இருப்பதை) மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. எனவே 'மெடிக்கல் புக்லயே இருக்கு' என்று யாராவது சொன்னால் எந்த வருடத்துப் புத்தகம் என்று கேளுங்கள்.

டாக்டர் இல்லை, சாமியாரிடம் மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள்…

மருத்துவக் கவுன்சிலுக்கு சாமியார் மேல் அதிகாரம் கிடையாது. ஆனால் அடைத்துவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது எல்லாம் யார் செய்தாலும் குற்றம்தான். மேஜரை வீட்டில் அடைத்துவைத்திருந்தால் ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே மாதத்தில் அப்படி ஒரு மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தோழியோடு சேர்ந்து வாழ விரும்பிய பெண்ணை வீட்டார் பிடித்து வைத்து, 'சரியாக' ஆக்குவதற்காகச் சடங்குகள் செய்ததாகப் புகார். அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டு, அவர் விருப்பப்படி போகலாம் என்றது நீதிமன்றம். குடும்பம் உருவாகக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் சொன்னது. அந்த அமர்வில் இருந்த இருவரில் ஒருவர், 2019இல் 'மணமகள்' என்ற சொல்லுக்குப் பொருள் சொன்ன அதே நீதிபதி.

மருத்துவப் பாடப்புத்தகங்களை மாற்றிவிட்டார்களா?

மாறியது, திரும்ப வந்தது, திரும்ப மாறியது. 2021இல், மேலே சொன்ன இரண்டு பெண்களின் வழக்கை ஒட்டி, பாலினச் சிறுபான்மையினரை இழிவாக எழுதும் புத்தகங்களைத் தவிர்க்கச் சொல்லி தேசிய மருத்துவ ஆணையம் கல்லூரிகளுக்கு எழுதியது. அடுத்த ஆண்டு தடயவியல் மருத்துவப் பாடத்திலும் திருத்தம் செய்தார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்த புதிய பாடத்திட்டத்தில் தன்பால் உறவு மறுபடியும் 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்று வந்து உட்கார்ந்தது! சத்தம் கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பெற்றோராக நாங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது என்ன?

காகிதம். குரோமோசோம் பரிசோதனை முடிவு, ஹார்மோன் அளவு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, ஏதாவது அறுவை நடந்திருந்தால் அதன் குறிப்பு, எல்லாவற்றின் நகலும். டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். அதே விதிகள், உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கின்றன. உங்கள் பிள்ளை பதினெட்டு வயதில் வந்து 'எனக்கு அன்னைக்கு என்ன செஞ்சாங்க?' என்று கேட்கும்போது ஆஸ்பத்திரியில் அந்த ஃபைல் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அது உங்கள் வீட்டு பீரோவில் இருக்க வேண்டும்.